திருடனின் உச்சந்தலை

பிள்ளைகளே, உங்கள் உச்சந்தலையை நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை. அதனால்தான் நான்கு நாள் திருடன் பிடித்தேன்.

அதற்குச் சற்று முன்புதான் நூலகத்தில் ஒரு துப்பறியும் நாவல் எடுத்திருந்தேன். துப்பறிபவர் புத்தகம் முழுக்க ஒருவனைத் தேடுவார். கடைசியில் பார்த்தால் அது அவரேதான். "தன்னையே தெரியாதவன் என்ன துப்பறியிறது?" என்று சிரித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கீரமங்கலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே தோப்பு. அங்கே ஒரு பெரிய பலாக்காய். அதற்குக் காவலாகக் கேமரா மாட்டினேன். யார் வந்தாலும் போனில் 'டிங்' என்று படம் வரும். (என் போன் சார்ஜரைக் கழற்றினால் உயிரை விட்டுவிடும். ஆகவே எப்போதும் வீட்டுச் சுவரோடுதான் இருக்கும்.)

முதல் டிங், ஒரு ஆடு. ஓடிப்போய் விரட்டிவிட்டு, காயைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். போனில் இன்னொரு படம்! நீலக் கட்டம்போட்ட கைலி, உச்சியில் தோசை அளவு வழுக்கை. முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் காயைத் தட்டுகிறான். மறுபடி ஓடினேன். யாருமில்லை. திரும்பினால் மறுபடி அவன். அன்று ஆறு தடவை ஓடினேன்; ஆறு தடவையும் வந்தான். (என்ன நெஞ்சழுத்தம்!)

அந்தக் கைலியும் வழுக்கையும் என் மனைவி வள்ளியின் தம்பி செல்வத்துக்குத்தான் உண்டு. (அதே கைலி என்னிடமும் இருந்தது. தீபாவளிக்கு நான்தான் இரண்டாக எடுத்தேன். அது அப்போது நினைவுக்கு வரவில்லை.)

ஞாயிற்றுக்கிழமை செல்வம் சாப்பிட வந்தார். சார்ஜர் வயரோடு போனை இழுத்து இலைக்கு முன்னால் நீட்டினேன்.

"மாப்ள, காய் வேணும்னா கேட்டு வாங்க வேண்டியதுதானே?"

செல்வம் படத்தைப் பார்த்தார். கையை உதறிவிட்டு எழுந்தார். "நான் திருடனா மச்சான்? அக்கா, நான் வாரேன்."

வள்ளி என்னை முறைத்தாள். "என் தம்பி இந்த வாசலத் தாண்டுனா, நானும் பின்னாடியே போயிருவேன். பாத்துக்கங்க!"

மகள் தேன்மொழி மட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். என் பின்னால் வந்து நின்றாள்.

"அப்பா, கொஞ்சம் குனிங்க."

குனிந்தேன். தன் போனில் ஒரு படம் எடுத்தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அதே தோசை!

"எனக்கு வழுக்கையா?" என்று அலறினேன்.

வாசல்வரை போன செல்வம் திரும்பி வந்து என் தலையைச் சுற்றிப் பார்த்தார். "மச்சான், என்னுதவிட ஒங்களுது பெருசுல்ல!" சிரித்துச் சிரித்து மறுபடி இலையில் உட்கார்ந்துவிட்டார். அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். பழுத்ததும் முழுப் பழமும் அவர் வீட்டுக்கே போனது.

இன்றும் நான் தோப்புக்குள் கால் வைத்தால் வீட்டில் 'டிங்' கேட்கும். உடனே வள்ளி குரல் கொடுப்பாள்:

"தேனு, திருடன் தோப்புக்கு வந்துட்டாரு. இப்ப இங்கிட்டு வருவாரு, காப்பியப் போடு!"