பதினேழு வயது நிறையாத எந்த உயிரும்

இனி இந்த வீட்டில் சட்டத்தின் ஆட்சிதான் என்று ஒரு திங்கட்கிழமை சுகெங் முடிவு செய்தார். சமாராங் நகரில் ஒரு வட்டார அலுவலகத்தில் பத்தொன்பது வருஷமாகக் கடிதம் தட்டச்சு செய்பவர் அவர். பேச்சுக்கு அடங்காத மனிதனும் முத்திரை வில்லை ஒட்டிய தாளுக்கு அடங்குவான் என்பது அவர் அனுபவம்.

மகள் நிங்ருமுக்குப் பதிமூன்று வயது. அவள் சோற்றுத் தட்டை நேராகப் பார்த்து நாலு மாதமாகிறது. கை தட்டிலும் கண் ஃபோனிலும் இருக்கும். ஒன்பது வயது மகன் பாகாஸ் வீட்டில் யாரோடும் பேசுவதில்லை. பிரேசிலில் இருக்கும் யாரோ ஒருவனோடு சேர்ந்து சாயங்காலம் முழுக்க ஃபோன் விளையாட்டில் சுட்டுக்கொண்டிருப்பான்.

சுகெங் வில்லை ஒட்டிய தாளைத் தூக்கிப் பிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்: "விதி ஒன்று. இவ்வீட்டில் வசிக்கும், பதினேழு வயது நிறையாத எவரும், மாலை ஆறு முதல் ஒன்பது வரை இணையத்தில் எதையும் பார்க்கவோ கேட்கவோ கூடாது."

நிங்ரும் கையைத் தூக்கினாள். "ஒரு சந்தேகம்பா. பூனைக்குப் போட்டுக் காட்டலாமா? அது பாக்கட்டும். நாங்க பக்கத்துல சும்மா உக்காந்திருப்போம்."

"யார்கிட்ட?" என்று சிரித்த சுகெங், 'எவரும்' என்பதை அடித்துவிட்டு 'எந்த உயிரும்' என்று எழுதினார்.

"நாளைக்கு நீங்களே மனசு மாறி, சட்டத்தை மாத்திட்டீங்கன்னா?"

"முடியாதும்மா. எல்லாரும் கையெழுத்துப் போட்டாத்தான் திருத்தம்." அதையும் எழுதினார்.

"அருமைப்பா" என்று நிங்ருமே பேனாவை நீட்டினாள். மனைவி வீராஸ்தி முத்திரை வில்லை மேல் கையெழுத்துப் போட்டாள். மறுபேச்சில்லாமல் கையெழுத்து விழுந்தால் பயப்பட வேண்டும் என்று பத்தொன்பது வருஷ உத்தியோகம் அவருக்குக் கற்றுத்தந்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆறு மணி. சுகெங் தன் சோலைப்பாடிப் பறவையின் கூண்டைத் துணியால் மூடினார். பறவையின் பெயர் பெதிர், அதாவது இடி. ஞாயிற்றுக்கிழமை பறவைப் பாட்டுப் போட்டி. மேலதிகாரி பாக் லூராவின் பறவையும் வருகிறது. "என் பெதிர் முன்னால அது வாயே திறக்காது பாருங்க" என்று சுகெங் அலுவலகம் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். அதற்குள் பெதிர் காட்டுப் பறவை ஒன்றின் கத்தலைக் கற்றாக வேண்டும். பகலில் அவருக்கு அலுவலகம், ஒன்பதுக்கு மேல் பெதிர் தூங்கிவிடும். ஊரில் எல்லோரும் செய்வதுபோல் அவரும் ஃபோனைக் கூண்டோரம் சாய்த்து, இணையத்தில் அந்தக் கத்தலைத் தேடிப் போட்டார்.

வீராஸ்தி வந்து ஃபோனை எடுத்துக்கொண்டாள்.

"மாஸ், பெதிருக்கு என்ன வயசு?" கல்யாணமான நாளிலிருந்து அவள் கணவனை மாஸ் என்றுதான் கூப்பிடுவாள். மரியாதைச் சொல்தான். தொனி மட்டும் நாளுக்கு நாள் மாறும்.

"எட்டு மாசம். கத்துக்கிற வயசு."

"பதினேழாக இன்னும் நாள் இருக்கே."

"அது பறவை வீராஸ்தி!"

"உயிர் இல்லியா?" என்று கவலையாகக் கேட்டான் பாகாஸ்.

"டேய், அது படிக்குதுடா!"

"நானும் படிக்கத்தான்னு சொன்னேன். நீங்க நம்பலையேப்பா" என்றாள் நிங்ரும்.

சுகெங் கூண்டைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு நடந்தார். வீராஸ்தி வாசல்வரை வந்தாள்.

"'இவ்வீட்டில் வசிக்கும்'னு எழுதியிருக்கு மாஸ். தெருவுல நின்னா வீடு மாறினதா ஆயிடுமா? விலாசம் மாத்தணும்னா உங்க ஆபீஸ்லயே மூணு கையெழுத்து கேப்பாங்களே."

புதன்கிழமை அவரே கூண்டின் முன் உட்கார்ந்து ஒரு மணி நேரம் விசிலடித்தார். பெதிர் முதுகைக் காட்டிக்கொண்டது.

"அக்கா, அப்பாவ வீடியோ எடுத்துப் போடலாமா?"

"ஒன்பது மணிக்கு மேல போடலாம்" என்றாள் சட்டத்தை மதிக்கும் மகள்.

வியாழக்கிழமை சுகெங் திருத்தத்துக்கு இறங்கி வந்தார். வீராஸ்தி சோயா அவரையில் செய்த தெம்பேயை வறுத்துக்கொண்டே சொல்ல, அவர் எழுதினார்.

"பதினேழு நிறையாத உயிர்களுக்குக் கல்விக்காக இணையம் உண்டு. எழுதியாச்சா? பெரியவங்க முன்மாதிரியா இருக்கணும். அதனால பதினேழு நிறைஞ்சவங்களுக்கு அந்த மூணு மணி நேரம் கிடையாது."

"உனக்கும் சேத்துத்தானே?"

"எனக்குத் தெம்பே ஆர்டர் வர்ற நேரம் மாஸ். வியாபாரத்துக்கு விலக்குன்னு போடுங்க."

சுகெங் பேனாவைக் கீழே வைத்தார். கூண்டைப் பார்த்தார். பாக் லூராவின் முகம் நினைவுக்கு வந்தது. பேனாவை எடுத்தார். புது வில்லை ஒட்டி, நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆறு மணிக்கு அவருடைய ஃபோனில் காட்டுப் பறவை கத்தியது. பெதிர் தலையைச் சாய்த்துக் கேட்டது. பாகாஸ் கல்விக்காகப் பிரேசிலுக்குப் போய்விட்டான். சமையலறையில் வீராஸ்தியின் ஃபோன் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தது. சுகெங் நடுக்கூடத்தில் வெறுங்கையோடு நின்றார்.

"ஒன்பது மணி வரைக்கும் நான் என்னதாம்மா பண்றது?"

நிங்ரும் ஒரு காதிலிருந்து மட்டும் இயர்ஃபோனை எடுத்தாள்.

"ஏதாவது புக் எடுத்துப் படிங்கப்பா. இந்த வயசுல அதான் நல்லது."