ட்ரெயிலரில் போன சீர்

ஜீப் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. பின்னால் கட்டியிருந்த ட்ரெயிலர்தான் தனக்கென்று வேறொரு பாதை தேடிக்கொண்டிருந்தது. நாவலப்பிட்டியைத் தாண்டி நாலு வளைவுகூட ஆகவில்லை. அதற்குள் இடப்பக்கம் ஒரு ஆட்டம், வலப்பக்கம் ஒரு ஆட்டம் என்று தொடங்கி, ஜீப்பின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்து ஆட்டியது. மயில்வாகனம் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார்.

"ஏங்க, அலுமாரிக் கண்ணாடி ஒடஞ்சிறப் போவுது" என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி வடிவம்மா.

"கண்ணாடி கெடக்கட்டும். நம்ம மண்ட ஒடையாமப் போய்ச் சேருறதப் பாரு."

ஒரு வழியாக ஓரங்கட்டி இறங்கினார்.

எல்லாம் ஒரு தொலைபேசி அழைப்பால் வந்த வினை. மகள் கிருஷாந்தியைப் பல்லேகலயில் கட்டிக்கொடுத்து ஆறு மாதம் ஆகிறது. மாப்பிள்ளை தினேஸ் ஒரு வங்கியில் கிளார்க். கல்யாணத்தன்று மயில்வாகனம் சும்மா இருந்திருக்கலாம். பந்தியில் எல்லோருக்கும் கேட்கும்படி, "அலுமாரி, கட்டில், தையல் மெஷின் எல்லாம் பின்னால வருது. நம்ம ஜீப் ஃபோர் வீல், ட்ரெயிலரக் கட்டினா மலையையே இழுக்கும்" என்று அடித்துவிட்டார். ஆசாரி இழுத்தடித்ததில் சீர் சாமான் ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. மலையை இழுக்கிற ஜீப் நாவலப்பிட்டியில் அவருடைய ஹார்ட்வெயார் கடை வாசலில் சும்மா நின்றது.

போன வாரம் சம்பந்தியம்மா பரிமளம் பேசினாள்.

"அண்ணே, ஒங்க ஜீப்பு பெரிய ட்ரெயிலர் இழுக்கும்னு சொன்னீங்கதானே? வாற ஞாயித்துக்கெழம ஒரு ட்ரெயிலரக் கட்டிக்கிட்டு ஒருக்கா வர ஏலுமா? நல்ல நாளா இருக்கு. மிச்சத்த நேர்ல பேசிக்குவோம்."

எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் பெண்ணைக் கொடுத்தவன் சம்பந்தி வீட்டில் அப்படியெல்லாம் கேட்டுவிட முடியுமா? சீர் சாமானை யாரும் வாயைத் திறந்து கேட்க மாட்டார்கள். "ஒங்க பக்கத்துல ஆசாரிமார் நல்லா வேலை செய்வாங்களாமே" என்று கேட்டாலே கட்டில் என்று அர்த்தம். ட்ரெயிலர் என்று வாய்விட்டுச் சொன்னால், அது எச்சரிக்கை.

"அந்த மனுசி எவ்வளவு பக்குவமாக் குத்திக் காட்டுறா பாத்தீங்களா?" என்று வடிவம்மா அன்றிரவே ஆரம்பித்துவிட்டாள். "இந்தத் தடவையும் போகலன்னா நம்ம புள்ளய என்னா பாடு படுத்துவாங்களோ!"

அந்த ஒரு வரியில் மயில்வாகனத்தின் தூக்கம் போனது. ஆசாரியைக் காலில் விழாத குறையாகக் கெஞ்சி வேலையை முடித்தார். கல்யாண வீடுகளுக்குக் கூடாரமும் கதிரையும் வாடகைக்கு விடும் ஷிராஸிடம் ட்ரெயிலரைக் கேட்டு வாங்கினார்.

இப்போது வீதியோரத்தில் நின்று அதே ஷிராஸுக்குத்தான் போன் போட்டார்.

"மயிலண்ணன், ஆடுதுன்னா பின்பாரம் கூடிப் போச்சு" என்றார் ஷிராஸ். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! பாரமான சாமான் முன்னுக்கு வரணும். கொஞ்சம் பாரம் கொக்கி மேல உக்காந்தாத்தான் ட்ரெயிலர் அடங்கி வரும். முன்னுக்கு என்னத்த வெச்சீங்க?"

மயில்வாகனம் ட்ரெயிலரை எட்டிப் பார்த்தார். முன்னால் ஒரு தாம்பாளத்தில் உப்பு, மஞ்சள், குத்துவிளக்கு. அதற்குப் பின்னால் மெத்தையும் தலையணைகளும். கட்டிலும் தையல் மெஷினும் அதற்கும் பின்னால். கடைசியாக, வால்பக்கத்தில், தேக்கு அலுமாரியும் அம்மிக்கல்லும். சீர் ஏற்றும்போது மங்கலப் பொருள்தான் முதலில் ஏற வேண்டும் என்று வடிவம்மா ஒற்றைக்காலில் நின்றாள். முதலில் ஏறியது முன்னால் போகும் என்பதையும், கடைசியில் ஏறுவது கல்லாக இருக்கும் என்பதையும் அப்போது யாரும் யோசிக்கவில்லை.

"உப்பும் மஞ்சளும்" என்றார் மெதுவாக.

ஷிராஸ் தலையில் அடித்துக்கொண்டது போனிலேயே கேட்டது.

"அம்மியத் தூக்கி முன்னால வெப்போம்" என்று மனைவியிடம் திரும்பினார்.

"வெளக்குக்கு முன்னால கல்லா? நீங்க சாமி கும்புடுற ஆள்தானா?" வடிவம்மா ட்ரெயிலரை மறித்துக்கொண்டு நின்றாள். "முன்னால பாரந்தான வேணும்? அரிசி வெப்போம். அது மங்கலம். கம்பளையில எங்கண்ணன் கட இருக்கு."

கம்பளை வரைக்கும் ஜீப்பை அவர் நடக்கவைத்தே கொண்டுபோனார். சைக்கிள்காரர்கள் முந்திப் போனார்கள். போனதோடு நில்லாமல் திரும்பியும் பார்த்தார்கள்.

வடிவம்மாவின் அண்ணன் வீரையாவுக்கு அரிசிக் கடை. விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"மருமகளுக்குச் சீர் போவுது. தாய்மாமன் எனக்கு ஒரு வார்த்த இல்ல."

"ரெண்டு மூட்ட அரிசி போதும் மச்சான்" என்றார் மயில்வாகனம்.

"ரெண்டு மூட்டையா? நாளைக்கு ஊரு என்னயப் பாத்துச் சிரிக்கவா?"

நாலு மூட்டை ஏறியது. மயில்வாகனம் கும்பிட்டுத் தடுத்தும் கேட்காமல் ஒரு ஆட்டுக்கல்லும் ஏறியது. அதுவும் விளக்குக்கு முன்னால்தான் ஏறியது. அண்ணன் வைத்த கல் என்பதால் வடிவம்மா கண்டுகொள்ளவில்லை. இவற்றுக்கெல்லாம் இடம்விட வேண்டிப் பின்னால் இருந்தவற்றைத் தள்ளியதில், அலுமாரியின் கால்கள் ட்ரெயிலருக்கு வெளியே நீட்டிக்கொண்டன.

கம்பளையை விட்டுக் கிளம்பியபோது ஆட்டம் நின்றிருந்தது.

"பாத்தீங்களா, எங்கண்ணன் கை பட்டதும் அடங்கிருச்சு" என்றாள் வடிவம்மா.

கொக்கியில் பாரம் அமுங்கி ஜீப்பின் பின்பக்கம் குந்திவிட்டது. முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால், திரும்புவதா வேண்டாமா என்று முன்சக்கரங்கள் யோசித்துவிட்டுத் திரும்பின. இதை மனைவியிடம் சொல்லிப் பயன் இல்லை. கம்பளைக்கும் பேராதனைக்கும் இடையில் மயில்வாகனம் தனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் ஒரு சுற்று கூப்பிட்டு முடித்தார்.

பேராதனையில் பொலிஸ் மறித்தது.

இளம் கான்ஸ்டபிள் ஒருவர் ஜீப்பைச் சுற்றி வந்தார். ட்ரெயிலரைச் சுற்றி வந்தார். வெளியே நீட்டிய அலுமாரிக் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"முதலாளி, என்ன, வீடு மாத்துறதா?"

"வீடு மாத்துறதா!" வடிவம்மாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "மகளுக்குச் சீர் கொண்டுபோறோம் சேர்."

ஷிராஸ் புண்ணியத்தில் ட்ரெயிலரின் பதிவும் இன்சூரன்ஸும் சரியாக இருந்தன. பின்விளக்குகள் எரிந்தன. கொக்கிக்குக் காவலான சங்கிலி இரண்டும் குறுக்காகப் போட்டிருந்தன. மயில்வாகனம் மூச்சு விடப் போனார்.

"பாரம் கூட" என்றார் கான்ஸ்டபிள். "உங்கட லைசனுக்கு இவ்வளவு பாரமான ட்ரெயிலர் இழுக்க ஏலாது."

"ஃபோர் வீல் சேர். மலையையே இழுக்கும்."

"இழுக்கும் முதலாளி. நிப்பாட்டுமா?"

காலையிலிருந்து மயில்வாகனம் நெஞ்சுக்குள் உருட்டிக்கொண்டிருந்த கேள்வி அது. வழக்குப் போடுவார்களோ, ஜீப்பையே பிடித்து வைப்பார்களோ, ஞாயிற்றுக்கிழமை இப்படியே போய்விடுமோ என்று கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. சம்பந்தி வீட்டு வாசலில் தலைகுனிந்து நிற்கும் மகள் மட்டும் தெளிவாகத் தெரிந்தாள்.

"கொஞ்சம் சாமான இறக்குங்க. பிறகு போங்க" என்றார் கான்ஸ்டபிள்.

"ஏத்துன சீர நடுவழியில எறக்குறதா? அபசகுனம் சேர்!" வடிவம்மா அழவே தொடங்கிவிட்டாள்.

அந்தப் பிள்ளைக்கும் வீட்டில் ஒரு அம்மா இருந்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு அரிசியையும் ஆட்டுக்கல்லையும் ஜீப்புக்குள் ஏற்றச் சொன்னார். அம்மிக்கல்லை ட்ரெயிலரின் முன்பக்கத்துக்கு மாற்றச் சொன்னார்.

"வெளக்கு?" என்றாள் வடிவம்மா.

"விளக்க உங்கட மடியில வைங்க அம்மா. அதுதான் எல்லாத்துக்கும் முன்னுக்குப் போகும்."

முப்பது வருடக் குடித்தனத்தில் தன்னால் முடியாததை ஒரு கான்ஸ்டபிள் ஒரே வாக்கியத்தில் சாதித்ததை மயில்வாகனம் வாய் பிளந்து பார்த்தார். ஆனால் தலைவலி முடியவில்லை. வெளியே நீட்டிய அலுமாரிக்குச் சிவப்புத் துணி கட்ட வேண்டுமாம். ஜீப்பில் சிவப்பாக இருந்தது ஒன்றே ஒன்று. சம்பந்தியம்மாவுக்கு எடுத்த பட்டுச்சேலை.

"ஐயோ, வேணாங்க!"

"சேல போனா வேற எடுக்கலாம். ஜீப்பு போனா?"

கான்ஸ்டபிளே கட்டிவிட்டார். முந்தானை வெளியே தெரிய, மடிப்பு வைத்து அழகாகவே கட்டினார்.

கண்டி நகர நெரிசலுக்குள் வடிவம்மா விளக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். முன்சக்கரங்கள் மறுபடி சொல்பேச்சுக் கேட்டன. கிருஷாந்தியிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, எங்க நிக்கிறீங்க? நேரமாவுது, மாமி கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"வந்துட்டோம்மா. என்னாடி, கொரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. ஒரு விசயம். போன்ல சொல்ல மாட்டேன். நீங்களும் அப்பாவும் வாங்க." குரல் நடுங்கியது. போன் வைக்கப்பட்டது.

வடிவம்மா கணவனைப் பார்த்தாள். "ஏங்க, அவ அழுறா. எம் புள்ள அழுறா."

மயில்வாகனத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கால் ஓடாதது ஒருவகையில் நல்லது. ஓடியிருந்தால் ஆக்ஸிலரேட்டரைத்தான் மிதித்திருக்கும். நகரத்தைத் தாண்டித் தென்னக்கும்புர பாலத்துக்கு இறங்குகிற வீதி அது. ட்ரெயிலரில் குறைத்த பாரமெல்லாம் இப்போது முதுகுக்குப் பின்னால், ஜீப்புக்குள் இருந்தது. பிரேக்கை மிதிக்க மிதிக்கக் கருகல் மணம் மூக்கில் ஏறியது. பயந்துபோய்க் கியரைக் குறைத்தார், இன்னும் குறைத்தார். என்ஜின் அலறியது. ஜீப் ஊர்ந்தது. பின்னால் பஸ்களும் வேன்களும் முச்சக்கரவண்டிகளும் நீளமாகச் சேர்ந்து ஹோன் அடித்தன. அத்தனைக்கும் முன்னால், காற்றில் படபடத்துக்கொண்டு, சம்பந்தியம்மாவின் பட்டுச்சேலை போனது.

"கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்!"

"வேகமாப் போனா நம்ம போட்டோவுக்குத்தான்டி மால போடுவாங்க!"

கத்தினாரே தவிர, அவருக்கும் அழுகைதான் வந்தது. கல்யாணப் பந்தியில் ஒரு வாய்ச்சவடால் விட்டதற்கு ஒற்றை மகள் அழ வேண்டுமா? வாயை அன்றைக்கே தைத்திருக்கலாம் என்று பட்டது.

பல்லேகலயில் மகள் மாமியாரோடு குடியிருக்கும் வாடகை வீட்டின் குறுகலான ஒழுங்கைக்குள் ட்ரெயிலரைத் திருப்பியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வீடு தெரிந்தது. மயில்வாகனம் சடாரென்று பிரேக்கை மிதித்தார்.

முற்றத்தில் சாமான்கள் கிடந்தன. கிருஷாந்தியின் சூட்கேஸ். கல்யாணத்துக்கு வந்த பானை சட்டிகள். மின்விசிறி. போர்வையில் சுற்றிய சாமிப் படம். எல்லாவற்றுக்கும் மேலே அவள் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து விடாமல் வைத்திருக்கிற நீலக்குடை.

"வெளிய போட்டுட்டாங்க" என்றாள் வடிவம்மா. மடியிலிருந்த விளக்குச் சரிந்தது. "எம் புள்ளய வெளிய போட்டுட்டாங்க!"

மயில்வாகனம் கதவைத் திறந்து ஓடினார். வீட்டின் சொந்தக்காரர் முனாப், கையில் சாவிக்கொத்துடன் வாசலில் நின்றார். கல்யாணத்தில் பார்த்த முகம். மயில்வாகனம் அவர் கை இரண்டையும் பிடித்துக்கொண்டார்.

"முனாப் நானா, நீங்க எங்களுக்கு அண்ணன் மாதிரி. ஒரு வார்த்த எடுத்துச் சொல்லுங்க. எல்லாத்தையும் கொண்டாந்துட்டேன். அலுமாரி, கட்டில், மெஷின், ஒண்ணு பாக்கியில்ல. அரிசிகூட இருக்கு. தாமதம் என் தப்பு, புள்ள தப்பில்ல. அவள உள்ள எடுக்கச் சொல்லுங்க நானா!"

முனாப் அவரைப் பார்த்தார். விளிம்புவரை நிறைந்த ட்ரெயிலரைப் பார்த்தார். அலுமாரியில் பறந்துகொண்டிருந்த பட்டுச்சேலையைப் பார்த்தார். பிறகு முற்றத்துச் சாமான்களையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"யா அல்லாஹ், மருமகனுக்கு ஒங்கட நாவலப்பிட்டிக்கே வேல மாத்தம் கெடச்சி, இந்தச் சாமானெல்லாம் அங்க ஏத்திட்டுப் போகத்தானே ஒங்கள ட்ரெயிலரோட வரச் சொன்னாங்க!"