முன்னால் போனவரைப் பற்றி ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கும் வீட்டு அம்மாவுக்கும் என் வணக்கம். இங்கே நானும் என் மகளும் பேத்தியும் சுகம். உங்கள் மகனும் இடுப்புக்கு மேலே சுகம். உங்கள் இருவர் உடம்பும், ஊரைக் கூட்டும் உங்கள் கைப்பேசியும் எப்படி இருக்கின்றன என்று பதில் போடவும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அது உங்களுக்குத் தெரியாததல்ல, கல்யாணப் பேச்சு நடந்த அன்றே இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டீர்கள். ஆகவே நான் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதுகிறார். அவர் அங்கங்கே பெருமூச்சு விடுகிறார், அது காகிதத்தில் தெரியாது என்பதால் சொல்லிவைக்கிறேன். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போனில் நான் பத்து வார்த்தை சொன்னால் உங்களுக்குப் பிடித்த ஒரு வார்த்தை மட்டும்தான் உங்கள் காதில் விழுகிறது, அதையும் ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே விநியோகம் செய்துவிடுகிறீர்கள். அப்படி விழுந்த ஒரு வார்த்தைதான் இப்போது வினையாகி நிற்கிறது. உங்கள் மகன் சைக்கிளில் முன்னால் போகிறார் என்று நான் சொன்னேன். அதை வைத்துக்கொண்டு உங்கள் குடியிருப்புச் சங்கத்தில் வருகிற ஞாயிற்றுக்கிழமை பாராட்டுக் கூட்டம் போட்டிருக்கிறீர்கள் என்றும், வாசலில் கட்டப்போகும் தட்டியில் ‘முதலாவதாக வந்த வீரர்’ என்று எழுதக் கொடுத்தாயிற்று என்றும் என் மகள் சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கூட்டம் நடப்பதற்குள் உண்மையை உங்கள் கையில் சேர்த்துவிட வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் இருந்தே சொல்கிறேன். கல்யாணப் பேச்சுக்கு வந்த அன்று எங்கள் வீட்டுப் பிரம்பு நாற்காலியில், ஒரு கால் குட்டையாக இருக்குமே, அதில் ஆடி ஆடி உட்கார்ந்துகொண்டு, “எம் பையன் ஒரு காரியத்தை எடுத்தா முடிக்காம விடமாட்டான்” என்றீர்கள். அன்று உங்கள் சட்டையின் இரண்டாவது பொத்தான் வேறு நிறத்தில் இருந்தது. அதுகூட எனக்கு ஞாபகம் இருக்கும்போது நீங்கள் சொன்ன வாக்கியம் மறந்துபோகுமா? கல்யாணம் ஆன பிறகு உங்கள் மகன் நாய்க்கு வீடு கட்டினார். நாலு பக்கமும் பலகை நின்றது, கூரை வரவில்லை; நாய் ஒரு மழையைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டது, இப்போது எங்களைப் பார்த்தே குரைக்கிறது. நீச்சல் கற்றுக்கொள்ளப் போனார், மூக்கைப் பிடித்துக்கொள்வது வரை கற்றுக்கொண்டு வந்தார். வீடு வீடாக வண்ணம் அடித்தே பிழைத்தவன் நான், என் அறைச் சுவருக்கு வண்ணம் அடிக்க என்னை விடாமல், “நீங்க உட்காருங்க மாமா, நான் பாத்துக்கிறேன்” என்று தூரிகையைப் பிடுங்கினார். ஏணி போடாமல் கை எட்டிய உயரம் வரை நீலம், அதற்கு மேலே பழைய மஞ்சள். அது சரியாக என் கட்டிலுக்கு எதிர்ச் சுவர். தினமும் விடிந்தால் நான் கண் விழிப்பது உங்கள் மகனுடைய கை எட்டிய உயரத்தில்தான்.

இப்படிப்பட்டவர் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது, தான் எட்டுப் பேர் கொண்ட சைக்கிள் குழுவில் சேர்ந்திருப்பதாகவும், நாலு நாள் பயணம் என்றும், நல்ல காரியம் என்றும் சொன்னார். நல்ல காரியம்தான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நடக்க முடியாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்று. பிள்ளைகளை ஆளுக்கு ஆள் தூக்கித்தான் வண்டியில் ஏற்றுகிறார்களாம். சக்கர நாற்காலியோடு அப்படியே உருட்டி ஏற்றுகிற மாதிரி சாய்பலகை வைத்த வேன் ஒன்றை வாங்கித் தருவதாகக் குழாய் கம்பெனி முதலாளி ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் முதலாளி அல்லவா, ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறார். எட்டுப் பேரும் கடைசிவரை மிதித்தே வந்து சேர வேண்டும், ஒரே ஒருவர் நடுவில் காரிலோ வேனிலோ ஏறினாலும் பேச்சு ரத்து. நாட்டில் சைக்கிள் மிதிக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்க, அந்த எட்டில் ஒருவராக உங்கள் மகனைச் சேர்த்த புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. என் மகள் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, “அப்பா, பின்னாடி வர்ற வேன்ல நீங்களும் போங்க. நீங்க பாத்துட்டு இருந்தா அவர் பாதியில திரும்பி வரமாட்டார்” என்றாள். ஆக, வாழைப்பழமும் தண்ணீரும் எடுத்துக்கொடுக்கும் உத்தியோகத்தில் நான் சேர்ந்தேன்.

உடுப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எழுதுகிறவர், அது தேவையா என்று கேட்கிறார். தேவைதான், எழுதுங்கள் என்றேன். இறுக்கிப் பிடிக்கும் அரைக்கால் சட்டை, அதில் உட்காரும் இடத்தில் பஞ்சுத் திண்டு வைத்துத் தைத்திருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பழகினார். பேத்தி பார்த்துவிட்டு, அப்பா ஏன் தலையணையைக் கட்டியிருக்கிறார் என்றாள். கொடியில் காயப் போட்டால் எதிர்வீட்டார் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

கிளம்பின அன்று எட்டுப் பேரும் வரிசையாக நின்றார்கள். குழுவுக்குத் தலைவி ஒரு பல் டாக்டர் அம்மா, எல்லோரும் கேப்டன் என்கிறார்கள். அந்த அம்மா உங்கள் மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். விசில் ஊதியதும் உங்கள் மகன் முன்னால், மற்ற ஏழு பேரும் பின்னால். மத்தியானமும் அப்படியே, சாயங்காலமும் அப்படியே. தப்பு பண்ணிவிட்டோமே, இத்தனை வருஷம் ஒரு வீரனைச் சுவரை வைத்து எடை போட்டுவிட்டோமே என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கத்தில்தான் வேனில் இருந்தபடி ஓட்டுநரை நம்பர் போடச் சொல்லி உங்களைக் கூப்பிட்டு, “சம்பந்தி, உங்க பையன்தான் எல்லாருக்கும் முன்னால போறார்” என்றேன். அதன் பிறகு நான் சொன்ன எதுவும் உங்களுக்குக் கேட்கவில்லை. அந்தப் பக்கம் யாரோ கை தட்டினார்கள்.

இதற்கிடையில் ஒன்றிரண்டு விஷயங்கள் என் கண்ணில் படத்தான் செய்தன. குடை பிடித்துக்கொண்டு நடந்துபோன ஒரு அம்மா எங்கள் குழுவைத் தாண்டிப் போனார், போகும்போது, வழி சொல்ல வேண்டுமா என்று வேறு விசாரித்தார். இரண்டாம் நாள் ஒரு பிரிவில் உங்கள் மகன் இடது பக்கம் திரும்பினார்; முன்னால் போகிறவருக்கு வழி தெரியும் என்று ஏழு பேரும் திரும்பினார்கள், ஏழு பேருக்கும் தெரியும் என்று எங்கள் ஓட்டுநரும் திரும்பினார். போய்ச் சேர்ந்தது ஒரு சிமெண்டுக் கிடங்கு. காவல்காரர் மேலிடத்துச் சோதனை என்று நினைத்து வாயிற்கதவைத் திறந்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். நிறுத்தினால் கேள்வி கேட்பார்களே என்று உங்கள் மகன் நிறுத்தாமல் கிடங்கை ஒரு சுற்றுச் சுற்றினார், எட்டு சைக்கிளும் ஒரு வேனும் சுற்றிவிட்டு அதே கதவு வழியாக வெளியே வந்தோம். போகும்போதும் சல்யூட் அடித்தார். பாவம், அந்த மனுஷனுக்கு இன்னும் அறிக்கை வந்து சேர்ந்திருக்காது.

அன்று சாயங்காலம் ஒரு கூடத்தில் தங்கியிருந்தபோது நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேப்டனிடம், எங்கள் மாப்பிள்ளை மட்டும் எப்படித் தினமும் முன்னாலேயே போகிறார் என்று கேட்டேன். காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் தேய்ப்பதை நிறுத்தினார்கள். உங்கள் மகன் சட்டென்று எழுந்து துண்டைக் காயப் போடப் போய்விட்டார், துண்டு ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது. அந்த அம்மா மரியாதையாகத்தான் சொன்னார்: “ஐயா, எங்க குழுவுல ஒரு வழக்கம். யாரு ரொம்ப மெதுவோ அவங்கதான் முன்னால போகணும். மத்தவங்க அவங்க வேகத்துக்கு வரணும். பின்னால விட்டா தனியாப் போயிடுவாங்க, தனியாப் போனா விட்டுடுவாங்க.” விளங்கிற்றா சம்பந்தி? உங்கள் தெரு கை தட்டியது அதற்குத்தான்.

உடனே உங்களைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். மறுநாள் கூப்பிட்டால், நீங்கள் எடுத்த எடுப்பில், “இன்னும் முன்னாலதானே?” என்றீர்கள். ஆமாம் என்றேன். பொய் இல்லையே.

கடைசி நாள் ஒரு மேடு வந்தது. பாதி மேட்டில் உங்கள் மகன் சைக்கிளை நிறுத்தினார். அதை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, பஞ்சுத் திண்டோடு ஆடி ஆடி எங்கள் வேனுக்கு வந்து கதவுப் பிடியில் கை வைத்தார். வாழைப்பழம் கொடுப்பதற்காக நான் கண்ணாடியை நாலு விரல் அளவுக்கு இறக்கி வைத்திருந்தேன். வேறொன்றும் செய்யவில்லை, உள்பக்கத் தாழ்ப்பாளை மட்டும் அமுக்கிவிட்டேன்.

“மாமா, கதவைத் திறங்க.”

“எதுக்கு மாப்பிள்ளை?”

“முடியல மாமா. ஏறிக்கிறேன்.”

“உள்ள இடம் இல்லையே.”

பன்னிரண்டு பேர் உட்காரும் வண்டி அது. உள்ளே ஓட்டுநர், நான், அரைத் தார் வாழைப்பழம். ஓட்டுநர் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் வெளியே மரத்தைப் பார்த்தேன். பாசத்தினால் தாழ்ப்பாள் போட்டேன் என்று நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் ஏறிவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு வேன் இல்லை, அது ஒன்று. கட்டிலில் படுத்தபடி பார்க்க எனக்கு இன்னொரு பாதிச் சுவர் வேண்டாம், அது இன்னொன்று. கேப்டனும் மற்றவர்களும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் ஏறுங்கள் என்றும் சொல்லவில்லை, ஏறாதீர்கள் என்றும் சொல்லவில்லை. அவர் வேகத்துக்கு நிற்கிறார்கள் போல.

அந்த நேரம் பார்த்து நீங்கள் போன் செய்தீர்கள். ஓட்டுநர் எடுத்து என் மடியில் வைத்தார், அதுவும் ஸ்பீக்கரில். நான் இன்னும் ஹலோ கூடச் சொல்லவில்லை. அதற்குள் நீங்கள் உங்கள் பக்கத்தில் இருந்த யாரிடமோ உரக்கச் சொன்னீர்கள்: “நான் அன்னிக்கே சொல்லல? எம் பையன் எடுத்தா முடிப்பான்யா. இவ்வளவு நாள் அவங்கிட்ட இதை நான் சொன்னதில்ல, அது என் தப்பு.” நாலு விரல் இடைவெளி போதும், குரல் வெளியே போய்விட்டது. உங்கள் மகன் கதவுப் பிடியில் கை வைத்தபடி அப்படியே நின்றார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, காலில் நரம்பு பிடித்துக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, “ஒரு பழம் குடுங்க மாமா” என்றார். கொடுத்தேன். தின்றுவிட்டுத் தோலை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய் சைக்கிளில் ஏறினார். நீங்கள் ஹலோ ஹலோ என்றீர்கள், நான்தான் தொடர்பு சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

எழுதுகிறவர் இந்த இடத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். சுவரைப் பிடித்துக்கொண்டே போய், சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார். நான் காத்திருந்தேன்.

மேடு ஏறினார். நடையை விடக் கொஞ்சம் மெதுவாக ஏறினார், ஆனால் ஏறினார். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் நாற்காலிகளில் வரிசையாக இருந்தார்கள், குறுக்கே ஒரு நாடா கட்டியிருந்தார்கள். குழு வழக்கப்படி உங்கள் மகன்தான் முன்னால், ஆகவே அவர்தான் நாடாவில் முதலில் போய் மோதினார். பிரேக் பிடிக்க மறந்துவிட்டதால் நாடாவோடு நேரே தண்ணீர்க் குழாய் வரை போய் நின்றார். குழாய் கம்பெனி முதலாளி அதையும் படம் எடுத்துக்கொண்டார். ஒரு சின்னப் பெண் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, “ஏன் இவ்வளவு லேட்டு? நாங்க சாப்பிட்டாச்சு” என்று அதட்டினாள். உங்கள் மகன் கைகட்டி மன்னிப்புக் கேட்டார். வேன் சாவியை அன்றே கொடுத்துவிட்டார்கள்.

ஆகவே சம்பந்தி அவர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். முன்னால் போனவர் என்றால் முதலாவதாக வந்தவர் என்று அர்த்தமில்லை. எட்டுப் பேரில் மிக மெதுவானவர் என்று அர்த்தம். தட்டியை மாற்றச் சொல்லுங்கள், கூட்டத்தைத் தள்ளி வையுங்கள், தெருவில் யார் யாரிடம் சொன்னீர்களோ அவர்களிடமெல்லாம் திருப்பிச் சொல்லுங்கள். என் வாயால் கிளம்பிய பேச்சு என் வாயாலேயே அடங்க வேண்டும். வீட்டு அம்மாவுக்கு என் விசாரிப்பு. உங்கள் முட்டிவலி குறைந்து, காது கொஞ்சம் கூடி, இருவரும் நீண்ட நாள் நல்லபடியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: எழுதியது யார் என்று கையெழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பீர்கள். பள்ளிக்கூட நாளில் அவர் எழுதி நீங்கள் பார்த்ததில்லை என்றால் நானே சொல்லிவிடுகிறேன், உங்கள் மகன்தான். மகள் வேலைக்குப் போய்விட்டாள், வெந்நீர் வாளியில் காலை விட்டுக்கொண்டு வீட்டில் சும்மா இருந்தவர் இவர் ஒருவர்தான். நாய் வீட்டைச் சொல்லும்போது பேனாவைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார் என்று பார்த்தேன். எழுந்திருக்கவில்லை. மகள் சாயங்காலம் வந்து எனக்குப் படித்துக் காட்டினாள், இந்தப் பின்குறிப்பை எழுதுவதும் அவள்தான். நான் சொன்னதில் ஒரு வார்த்தை குறையவில்லையாம், நான் திட்டாத இடத்தில் அவரே தன்னைக் குறை சொல்லி இரண்டு வரி சேர்த்திருக்கிறாராம். நீச்சல் விவகாரம் எனக்குத் தெரியவே தெரியாது. ஆகவே மேலே சொன்ன எதையும் நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம். தட்டி அப்படியே இருக்கட்டும், கூட்டம் நடக்கட்டும். முன்னால் போனார் என்று நான் சொன்னேன், முன்னால்தான் போனார். நானும் கூட வருகிறேன். முன்வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வையுங்கள், வருகிறவர்களில் மிக மெதுவாக நடப்பவன் நான்தான்.