சாணிக்காப்பி

வல்லிநாயகம் கிழித்த தீக்குச்சி அவருடைய விரலைச் சுட்டது. காஸ் அடுப்பு கண்டுகொள்ளவே இல்லை.

வானொலிக்காரர்கள் வரும் நேரம். இலஞ்சியில் முதன்முதலாகச் சாண எரிவாயுக் கலன் கட்டியவர் என்று அவர் பேச்சைப் பதிவுசெய்து, வியாழக்கிழமை பஞ்சாயத்து ரேடியோவில் ஊருக்கே கேட்கும்படி போடப் போகிறார்கள். பேச்சு மட்டும் போதாதாம். அடுப்பு எரிகிற சத்தமும் காப்பி கொதிக்கிற சத்தமும் வேண்டுமாம். அதைக் கேட்டுவிட்டுத்தான் தாங்களும் கட்டுவோம் என்று வானொலி மன்றத்தில் நாலு பேர் காத்திருந்தார்கள். அடுப்பு எரியாவிட்டால் அவர்கள் விறகோடேயே நின்றுவிடுவார்கள். வல்லிநாயகம் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

என்ன ஏது என்று கேட்க மனைவி சண்முகசுந்தரியும் இல்லை. பக்கத்து வீட்டுக்குச் சீசனுக்கு வந்து குவிந்திருந்த விருந்தாளிகளை ஐந்தருவியில் குளிக்கக் கூட்டிப் போயிருந்தாள்.

பக்கத்து வீடு முத்துக்குமாரசாமியுடையது. கலன் கட்டிய நாளிலிருந்து இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர். அன்றைக்கே கேட்டுவிட்டார்:

"சாணியில போட்ட காப்பியை மனுசன் குடிப்பானாவே?"

"நெத்தியில பூசியிருக்கீரே திருநீறு, அது எதுல செஞ்சதாம்?"

"அதை நான் குடிக்கலையேவே!"

சாரலில் கலன் குளிர்ந்திருக்கும் என்று வல்லிநாயகம் கொல்லைக்குப் போய்க் கம்பால் கலக்கினார். தெறித்ததெல்லாம் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. ரேடியோவில் சட்டை தெரியாது என்று தேற்றிக்கொண்டார்.

கலனின் இரும்பு மூடியை அழுத்தினால் வாயு வேகமாக வரும் என்று கலன் கட்ட வந்த ஆபீசர் சொன்னது நினைவுக்கு வந்தது. அம்மிக்கல்லைத் தூக்கி மூடிமேல் வைத்தார். இடுப்பில் எதுவோ 'களுக்' என்றது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் முத்துக்குமாரசாமியின் மனைவி முத்துவடிவு அலறினாள்.

"ஐயோ, பாலெல்லாம் பொங்கிட்டே!"

விறகடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதால் அப்படித்தான் என்று வல்லிநாயகத்துக்கு அந்த வலியிலும் ஒரு சந்தோஷம்.

அடுப்பு அப்போதும் எரியவில்லை. குழவியையும் கொண்டுபோய் அம்மிமேல் வைத்தார்.

"ஏட்டி, மறுபடியும் பொங்க விட்டுட்டியா?" என்று இந்தத் தடவை முத்துக்குமாரசாமியின் குரல் கேட்டது.

வாசலில் ஜீப் வந்து நின்றது. வல்லிநாயகம் பரணில் கிடந்த மண்ணெண்ணெய் ஸ்டவ்வை இறக்கி, காஸ் அடுப்புக்குப் பின்னால் ஒளித்துப் பற்றவைத்தார். ரேடியோவுக்கு மூக்கும் கிடையாது.

ஒலிப்பதிவுக்காரர் மைக்கை நீட்டினார். "பேசுங்க சார்."

"புகை கிடையாது, கரி கிடையாது, மரத்தை வெட்ட வேண்டாம். நம்ம வீட்டு மாடு போடுத சாணியே..."

"மண்ணெண்ணெ வாடை அடிக்கே!"

நிலைப்படியில் முத்துக்குமாரசாமி. ரேடியோக்காரர்களைப் பார்க்கிற ஆசை அவரை இந்த வீட்டுக்குள் இழுத்து வந்திருந்தது.

"உம்ம மாடு என்னத்தவே திங்குது? வைக்கோலா, மண்ணெண்ணெயா?"

ஸ்டவ் இருமியது, புகைந்தது, அணைந்தது.

வல்லிநாயகம் தலையைத் தொங்கப்போட்டார். "இன்னைக்கு எரியலை சார். நெசமாவே தெனமும் நல்லா எரியும்." மைக் அதையும் விடாமல் வாங்கிக்கொண்டது.

முத்துக்குமாரசாமிக்கே என்னவோ போலாகிவிட்டது. அவருக்கு இரக்கம் வந்தாலும் அது பெருமையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வரும்.

"சரி, விடும்வே. வந்தவங்களுக்கு எங்க வீட்டுக் காப்பியைக் குடுப்போம். ஏட்டி, முத்துவடிவு!"

காப்பி வந்தது. ஒலிப்பதிவுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

"இதுல்லா சார் காப்பி!" என்றார் அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்காத முத்துக்குமாரசாமி. "முன்னெல்லாம் இப்படி இருக்காது. மூணு மாசமா அவ கைப்பக்குவமே தனி."

"புகை வாடையே இல்லையேம்மா! என்ன அடுப்பு?" மைக் முத்துவடிவு பக்கம் திரும்பியது.

அவள் புருஷனைப் பார்த்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில், சண்முகசுந்தரி யாரையும் கிட்டே அண்டவிடாமல் வளர்த்துவந்த அவரைப் பந்தலைப் பார்த்தாள். பிறகு வல்லிநாயகத்திடம் மெல்லச் சொன்னாள்:

"அண்ணாச்சி, மதினி அருவிக்குப் போகையில காஸ் குழாயை எங்க பக்கமே திருப்பி விட்டுட்டுப் போய்ட்டாவ, அந்த அம்மியைக் கொஞ்சம் எறக்கிருங்க, இல்லைன்னா மூணாவது தடவையும் பால் பொங்கிரும்."