கலர் பார்க்கும் மாப்பிள்ளை

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அதற்குமேல் நலம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அங்கே உங்கள் நலமும், தங்கள் துணைவியாரின் முழங்கால் நலமும் அறிய ஆவல். போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். போனில் பேசித்தான் இவ்வளவும் வந்தது. ஆகவே பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள். முக்கியமான சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேன் வேண்டாம். மகளின் பீரோவையும் பாத்திரங்களையும் ஏற்றிவர அடுத்த வாரம் நாலு பேரோடு கிளம்புவதாகச் சொன்னீர்களே, அந்தப் பயணத்தை நிறுத்திவிடுங்கள். மாப்பிள்ளை உத்தமர். தப்பு என் காதில்.

நடந்ததைச் சொல்கிறேன். திங்கட்கிழமை காலை மகள் போன் செய்தாள். எடுத்ததும் அழுகை. பின்னால் அவர்கள் வீட்டு மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. "அப்பா, இவரோட என்னால முடியலப்பா. எத்தனை தடவை சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறாரு. கடைசி நேரத்துல கண்ணு கலர் மேலதான் போகுது. நான் பக்கத்துலயே நிக்கிறேன், அப்பவும் கலரைத்தான் பாக்குறாரு. ஆபீஸ்ல எல்லாரும் சிரிக்கிறாங்க" என்றாள். நடுவில் 'வெள்ளை' என்று ஒரு சொல் பலமுறை வந்ததாம். அது மிக்ஸியில் அரைபட்டுவிட்டது. எனக்கு மிஞ்சியது கலர்தான். கலர் பார்ப்பது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு முன் பஸ் நிறுத்தத்தில் நின்று நீங்கள் செய்ததை நான் பார்த்திருக்கிறேன். அச்சகத்தில் ஆயுள் முழுக்க அடுத்தவர் பிழையைத் திருத்திய மனிதன் நான், ஒரே ஒரு சொல்லைத் தப்பாகப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் தங்கையிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "அந்தப் புள்ள முகத்தைப் பாத்தா அப்படித் தெரியலையே" என்றாள், பிறகு "முகத்தைப் பாத்து யாரைச் சொல்ல முடியும்" என்று என்னைப் பார்த்தாள். உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் பாதியிலேயே வேன் பேசக் கிளம்பிவிட்டீர்கள். நான் மகளின் பழைய அறையைத் திறந்து, அதில் அடைத்து வைத்திருந்த பழைய தாள் கட்டுகளை வெளியே இழுத்துப் போட்டு, தரையைத் துடைத்து, கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டேன். இடுப்பு விட்டுப்போயிற்று. போகட்டும். மறுநாள் பஸ் ஏறி, சம்பந்தி வீட்டுக்கே போய்விட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பதென்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிருந்தார்கள். சம்பந்தி கூடத்தில் சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது உங்களுக்குத் தெரியும். யார் வந்தாலும் மேலே கீழே ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வாங்க என்பார். காபி வந்தது. நான் மனப்பாடம் செய்த நாலு கேள்வியும் மறந்துபோயிற்று.

"சம்பந்தி, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. மாப்பிள்ளை... கலர் பாக்குறாராமே?"

மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. "யார் சொன்னா?"

"என் பொண்ணுதான் அழுதா."

"அது அழும். அது கட்சி வேற. எங்க பரம்பரையே கலர் பாக்குற பரம்பரை சம்பந்தி. எங்கப்பா கலர். நான் கலர். பையன் மட்டும் மாறுவானா?"

"இந்த வயசுலயுமா நீங்க..."

"வயசாக ஆகத்தான் பார்வை ஒரு இடத்துல உக்காருது. சின்ன வயசுல அங்க இங்க அலையும்."

நான் காபியைக் கீழே வைத்துவிட்டேன். அதற்குள் சமையலறையிலிருந்து சம்பந்தியம்மாவின் குரல் வந்தது. "இவர் பெருமைய நம்பாதீங்க அண்ணா. கல்யாணமானதுலேருந்து கலரைப் பாத்துப் பாத்து என்ன கண்டாரு? ஒண்ணும் விழுந்ததில்ல. நான் பாருங்க, வெள்ளையைத் தவிர வேற எதையும் பாக்க மாட்டேன். நான் பாத்தா விழும்."

மச்சான், குடும்பமே கெட்டுக் குட்டிச்சுவராக இருக்கிற இடத்திலா பெண்ணைக் கொடுத்தோம், அதுவும் உங்கள் சிபாரிசில், என்று நினைத்துக்கொண்டேன். எழுந்து நின்றேன். "என் பொண்ணை இன்னைக்கே என்கூட அனுப்பிடுங்க" என்றேன். சம்பந்தி திகைத்துப்போனார். "இன்னைக்கா? சனிக்கிழமை ஃபைனல் இருக்கே, ஜோடி இல்லாம அவன் எப்படி ஆடுவான்?" என்றார். எதில் ஃபைனல் என்று கேட்டேன். அவர் காபி டம்ளர்களை எடுத்து ஓரமாக வைத்தார். சம்பந்தியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து மேஜையின் மறுமுனையைப் பிடித்தார். இருவருமாகப் பலகையைத் தூக்கிச் சுவரில் சாய்த்தார்கள். அடியில் பச்சைத் துணி, ஆறு குழி, வெள்ளைப் பந்து ஒன்று, கலர் பந்துகள் ஒரு கூட்டம். பில்லியர்ட்ஸ் மேஜை! நிச்சயதார்த்தம் பேசிய அன்று நீங்களும் நானும் அதன் மேல்தான் இலை போட்டுச் சாப்பிட்டோம், தெரியுமா?

விஷயம் இவ்வளவுதான். மகளும் மாப்பிள்ளையும் வேலை செய்கிற ஆபீஸில் இந்த ஆட்டத்துக்கு ஜோடிப் போட்டி, இவர்கள் இருவரும் ஒரு ஜோடி. குச்சியால் வெள்ளைப் பந்தை அடிக்க வேண்டும். அது போய்க் கலர் பந்தை அடிக்கும். கலர் குழியில் விழ வேண்டும். அடிக்கிற அந்தக் கடைசி நொடியில் கண் எதன்மேல் இருக்க வேண்டும் என்பதில் உலகம் இரண்டு கட்சியாம். அந்த வீடும் இரண்டு கட்சி. சம்பந்தி எனக்குப் பாடமே நடத்திவிட்டார். "குனிஞ்சு குச்சியை ஆட்டும்போது வெள்ளையைப் பாருங்க, கலரைப் பாருங்க, மாத்தி மாத்திப் பாருங்க. அப்புறம் குச்சியைப் பின்னால இழுத்து ஒரு கணம் நிறுத்துங்க. அப்பத்தான் கண்ணைத் தூக்கிக் கலர்ல வைக்கணும். பந்து எங்க படணுமோ அந்த இடத்துல. வச்சா எடுக்கக் கூடாது. சுத்தியலையா பாத்து அடிக்கிறோம்? ஆணியைப் பாத்துத்தானே அடிக்கிறோம்?" சம்பந்தியம்மா விடவில்லை. "குச்சி தொடுறது வெள்ளையை மட்டும்தான். சாவி போடுற ஓட்டையைப் பாக்காம உள்ள இருக்கிற கட்டிலைப் பாத்தா கதவு திறக்குமா?" என்றார். எனக்கு இரண்டும் சரியாகவே பட்டது. அலுப்பில் இருக்கிறவனுக்கு எல்லாமே சரியாகத்தான் படும்.

பிறகு என்னையும் ஆடச் சொன்னார்கள். வேண்டாமென்றால் கேட்கிற குடும்பமா அது. "பாத்து அடிங்க" என்றார் சம்பந்தி. எதைப் பார்த்து என்று கேட்டேன். இருவரும் ஒரே நேரத்தில் வேறு வேறு பதில் சொன்னார்கள். என் கண்ணாடியோ மேலே தூரப் பார்வை, கீழே கிட்டப் பார்வை. குனிந்தால் இரண்டுக்கும் மேலே இருக்கிற ஃப்ரேம் வழியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. வெள்ளையும் தெரியவில்லை, கலரும் தெரியவில்லை, குத்துமதிப்பாகக் குத்தினேன். பந்து எகிறிக் குதித்து ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. நான் தரையில் குப்புறப் படுத்துக் குச்சியை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது வேலை முடிந்து மகளும் மாப்பிள்ளையும் உள்ளே வந்தார்கள்.

"அப்பா, நீங்களுமா?" என்றாள் மகள்.

எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, அவளைத் தனியே கூப்பிட்டு, நான் என்ன நினைத்துக்கொண்டு வந்தேன் என்பதைச் சொன்னேன். அவள் சிரித்தாள் பாருங்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளையிடமும் சொல்லிவிட்டாள். அவர் பாவம், "சத்தியமா நான் பந்தைத்தான் மாமா பாத்தேன்" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில்தான் இன்னொன்றும் தெரிந்தது. உங்களிடம் மறைப்பானேன். நெஞ்சில் ஒரு ஓரத்தில் ஏமாற்றமாக இருந்தது. அறையைத் துடைத்து விரிப்பு போட்டபோது, பெண்ணின் வாழ்க்கை போயிற்றே என்று அழுதேன். வீட்டில் இனி ஒரு குரல் கேட்குமே என்று சந்தோஷமும் பட்டேன். அப்பன் நினைக்கிற நினைப்பா இது? உங்கள் தங்கையிடம் சொல்லவில்லை. அவளும் அன்றைக்கு அந்த அறைக்குள் புதுத் தலையணையுறை ஒன்றை வைத்துவிட்டு வந்ததை நான் கேட்கவில்லை.

ஆகவே மச்சான், வேன்காரரிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லிவைத்த நாலு பேரிடமும் தனித்தனியாகப் போய், மாப்பிள்ளை பார்த்த கலர் வேறு கலர் என்று விளக்கிவிடுங்கள். ஒருவரிடம் சொல்லி அவர் மற்றவரிடம் சொல்லட்டும் என்று விட்டால், ஊர் வாயில் அது சுண்ணாம்பு அடிக்கிற சமாச்சாரமாகிவிடும். வெறும் பந்து விவகாரம். இதற்கெல்லாமா ஒரு குடும்பம் பிரியும்? பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, முழங்காலுக்கு எண்ணெய்.

இப்படிக்கு,
களைத்துப்போன உங்கள் மச்சான்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்ட மறந்து இரண்டு நாள் மேஜையிலேயே வைத்திருந்தேன். நல்லதாகப் போயிற்று. இன்று சனிக்கிழமை. சாயங்காலம் மகள் பெட்டியோடு வந்து நிற்கிறாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் மாப்பிள்ளைதான். ஃபைனலில் தோற்றுவிட்டார்களாம். கடைசிப் பந்து, கண் மூடினாலும் விழுகிற பந்து. மாப்பிள்ளை அந்த ஒரு தடவை மட்டும் வெள்ளையைப் பார்த்து அடித்திருக்கிறார். "நான் சொன்னேன்னுதான் பாத்தாரு. எல்லாருக்கும் முன்னாடி தோத்தாரு. ஒரு வார்த்தை திட்டலைப்பா. அந்த மனுஷன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? நான் இங்கயே இருந்துக்கிறேன்" என்று அழுகிறாள். மாப்பிள்ளையைத் தனியே கூப்பிட்டு, பரம்பரை வழக்கத்தை விட்டுவிட்டு ஏன் வெள்ளையைப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். "அவ பக்கத்துல நின்னா மாமா" என்றார். இப்போது கூடத்தில் சண்டை. வெள்ளைதான் சரி, தான்தான் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்கிறார் மாப்பிள்ளை. என் மகளோ, "இனிமே நீங்க கலரைத்தான் பாக்கணும், என்னைப் பாக்கவே கூடாது!" என்று கத்துகிறாள். மாடிவீட்டு அம்மா பாதிப் படியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆளுக்கு ஆள் எதிராளி பக்கம் பேசினால் நான் யாரைச் சமாதானப்படுத்துவேன்? வேனில்லாமல், தனியாக, உடனே கிளம்பி வாருங்கள்.