பச்சைக்காரிக்குச் சாதகம் எழுதிய படலம்

வாழ்க குகதாசன்! நீர்வேலிச் செம்மண் ஈன்ற நெடும்புகழோன், விரற்படை பத்தும் விசைப்பலகைமேல் அணிவகுக்க வீட்டறையில் இருந்தபடியே வெள்ளைக்காரக் கும்பனிகளுக்கு மென்பொருள் நெய்தனுப்பும் மேதகையோன், காலையில் முட்டைக்கோப்பியும் மாலையில் பிளேன்ரீயும் அருந்தி இடைப்பட்ட பொழுதெல்லாம் இணையவெளியை ஆளும் இணையிலாத் தோன்றல், குணலட்சுமி அம்மாளின் ஒரே மருமகன், வாழ்க, வாழ்கவே! மின்சாரத்தைக் காத்தருளும் தெய்வம் எதுவோ, அது இந்தக் கதை முடியுமட்டுமாவது கண்ணயராதிருப்பதாக.

கிட்ட வந்து இருங்கள், என் குஞ்சுகளே. காலை நீட்டுகிறவர்கள் நீட்டலாம். நான் சொல்லப்போவது பெரிய யுத்தம். ஆனாலும் ஒருவருக்கும் இரத்தம் வராது, பயப்பட வேண்டாம்.

களம் எது என்பீர்கள். கதலியும் இதரையும் கப்பலும் மொந்தனும் குலைகுலையாய் வந்து மலையெனக் குவியும் வாழைச் செய்கையாளர் சங்கத்து நிறுவைக் கொட்டகையே களம். அதன் மூலையில், வெயிலில் மஞ்சள் பாரித்த பிளாஸ்ரிக் கவசம் பூண்டு, கருந்திரையில் பச்சையெழுத்து மின்ன வீற்றிருந்தாள் பச்சைக்காரி. சங்கத்தார் இட்ட பெயர் அது. கொழும்பில் ஏதோ ஒரு வங்கி பல்லாண்டுக்கு முன் கழித்துவிட்ட பழைய முனையம் அவள். கணினி அல்லள், கணினியின் வாயும் செவியும் மட்டுமே. திரையுண்டு, விசைப்பலகையுண்டு, மூளை கிடையாது. மூளை நீண்ட வடத்தின் மறுமுனையில் வேறொரு பெட்டிக்குள் இருந்தது. இதிலே சிரிக்க ஒன்றுமில்லை. அப்படி எத்தனையோ பேர் பதவியில் இருக்கிறார்கள். மாரி இடியொன்று அந்த மூளைப்பெட்டியைக் கருக்கிவிட, பச்சைக்காரி ஒற்றைப் பச்சைக் கோடு மட்டும் விட்டுவிட்டு மின்ன மோனத்தவம் பூண்டாள்.

அவளோடு கூட வாய்மூடிப்போனவர் குணலட்சுமி அம்மாள். சங்கத்தின் நிறுவை எழுதுநர் அவர். கண் தராசின் முள்ளிலும் விரல் விசைப்பலகையிலும் நிற்க, திரையைத் திரும்பியும் பாராது குலைக்குக் குலை எழுதித் தள்ளும் கைவேகத்தை நீங்கள் கண்டிருக்க வேண்டும்! ஆனால் வெள்ளைத் திரையை ஒரு நாழிகை பார்த்தாரோ, நெற்றிப்பொட்டில் உலக்கை விழும். தலையிடி என்று சாதாரணமாய்ச் சொல்ல முடியாது. வாந்தியெடுத்து, இருட்டறையில் ஈரத்துணி போட்டுப் படுத்துவிடுவார். கருந்திரைப் பச்சையெழுத்து ஒன்றே அவர் கண் பொறுத்த வெளிச்சம்.

சங்கத் தலைவர் பரமலிங்கமோ புதுமைப் பித்தேறிய பெருந்தகை. பளபளக்கும் கைப்பேசியை வேலென உயர்த்திக் கூட்டத்தில் முழங்கினார்:

"வெள்ளிக்கிழமை நிறுவைக்கு முதல் உந்தப் பெட்டி கதைக்கேல்லையெண்டால், பழைய இரும்புக்காரனிட்டைப் போகும். பேந்து எல்லாம் போனிலைதான். போனிலை எழுதத் தெரிஞ்ச பிள்ளை ஒண்டை எடுப்பம். குணலட்சுமி வீட்டிலை ஆறுதலா இருக்கட்டும்."

ஆறுதலாக இருக்கட்டுமாம்! கணவன் போன பின், தன் சோற்றைத் தானே உழைத்துத் தின்ற கதிரையை விட்டு எழும்பு என்பதற்கு அது பெயர்.

அன்று மத்தியானம் மருமகனுக்குச் சோறு பரிமாறிய குணலட்சுமி அம்மாள் முதலகப்பைக் குழம்பைத் தண்ணீர்ச் செம்புக்குள் ஊற்றினார். கண்டான் குகதாசன். முருங்கைக்காய்க் குழம்பு தோய்ந்த வலக்கையை உயர்த்தி, எண்திசையும் அதிர, மனைவி ஜெயனி சாட்சியாக வஞ்சினம் கூறினான்:

"அரை மணித்தியால வேலை, மாமி!"

ஐயோ, என் குஞ்சுகளே. இந்த உலகத்திலே எத்தனை கோட்டைகள் இந்த மூன்று சொல்லால் இடிந்திருக்கின்றன!

புதிய மூளைப்பெட்டி ஒன்றை இடுக்கியபடி கொட்டகைக்குள் புகுந்தான் குகதாசன். வடத்தைப் பூட்டினான். இங்கே ஒரு நுட்பம் சொல்ல வேண்டும். இந்தப் பெட்டிகளுக்குள் ஒரு பெரிய சாதகக் கட்டு உண்டு. உலகில் பிறந்த முனையங்கள் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு சாதகம்: இன்னவளுக்குத் திரை துடைக்க இன்ன சொல் சொல்லு, இன்னவள் இன்ன சொல்லுக்குக் கோபிப்பாள் என்று. அதைப் பார்த்துத்தான் பெட்டி முனையத்தோடு கதைக்கும். பச்சைக்காரியின் சாதகம் மட்டும் அந்தக் கட்டிலே இல்லை. இல்லையென்றால் என்ன? நம்மூர்க் கலியாணத் தரகரைப் போலவே குகதாசனும், ஏறக்குறைய அதே காலத்தில் பிறந்த வேறொருத்தியின் சாதகத்தை எடுத்து, "பொருந்துது" என்று சொல்லிக் கட்டிவைத்தான்.

அவ்வளவுதான். கொதித்த எண்ணெயில் கடுகு வீழ்ந்தாற்போல வெடித்தாள் பச்சைக்காரி. அடைப்புக்குறியும் கேள்விக்குறியும் அரைப்புள்ளியும் ஆலங்கட்டி மழையாய்த் திரையெங்கும் பொழிய, உள்ளிருந்த மணி கோயில் மணியாய் ஓயாது ஒலிக்க, குலை கொண்டு வந்தவர்கள் பூசை தொடங்கிவிட்டதென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பொய்ச்சாதகம் எரிந்தது. தன் கையாலேயே மெய்ச்சாதகம் கணிக்கத் துணிந்தான் குகதாசன். அதன்பின் நடந்த போரை எப்படிச் சொல்வேன்! பெட்டி விரைந்து சொல்ல, மூப்படைந்த பச்சைக்காரி பாதியைக் கேட்டுப் பாதியை விழுங்க, கதலி என்று எழுத அனுப்பியது கலி என்று வந்தது. "அவளுக்குத் திரை துடைக்க மூச்சு வாங்கும்; துடைத்து முடியுமட்டும் பொறுத்திரு" என்று சாதகத்தில் எழுதி வேகத்தை அடக்கினான். கடைசி வரியின் கடைசி மூலையில் ஓர் எழுத்து வீழ்ந்தால் திரை முழுதும் துள்ளியெழுந்து தலைப்பு வரியை வானுக்கு அனுப்பிற்று. "அம்மூலை அவளது புண், ஆங்கே தீண்டற்க" என்று இன்னொரு விதி எழுதினான். மணியை அடக்கினான். மங்கிய எழுத்தைத் தெளிவித்தான். அரை மணித்தியாலம் அரை நாளாகி, அரை நாள் அரை வாரமாகி வளர்ந்தது. தாடியும் கூடவே வளர்ந்தது. வெள்ளைக்காரக் கும்பனி மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாய் ஓலமிட்டது, அவன் செவிசாய்த்தானில்லை.

இடையிலே குணலட்சுமி அம்மாள் பிளேன்ரீயோடு வந்து நின்றார்.

"தம்பி, அந்தப் பெரிய பட்டன் இருக்கெல்லே, அது..."

"நீங்கள் இருங்கோ மாமி. இது ரெக்னிக்கல்."

"இல்லைத் தம்பி, நான் என்ன சொல்ல வாறனெண்டால்..."

"ரெக்னிக்கல், மாமி."

தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனார் அந்த மனுசி.

அந்தப் பெரிய பட்டனே, என் செல்லங்களே, பகைவர்கோமான். எழுதியதை முடித்து அடுத்த கட்டத்துக்கு அனுப்பும் பெருவிசை அது. ஒரு தரம் அமத்தினால் இரு தரம் பாய்ந்தது! குகதாசன் திகைத்தான். இத்தகு முனையங்களைப் பூசிப்பதையே தொழிலாகக் கொண்ட அடியார் கூட்டமொன்று இணையத்திலே உண்டு, அவர்களிடம் முறையிட்டான். நோர்வே நாட்டு வெண்டாடி முனிவரொருவர், இவ்வினத்து முனையம் எதிலும் இப்படியொரு குணத்தைத் தாம் கண்டதேயில்லை என்றும், இது கிடைத்தற்கரிய புதுவகையாய் இருக்கலாம் என்றும் மறுமொழி விடுத்தார். புளகித்தான் நம் தலைவன்! உலகறியாக் குணத்துக்கு உலகின் முதல் மருந்து தன் கையால் ஆகட்டும் என்று, விரைந்து அடுத்தடுத்து வரும் இரண்டு பாய்ச்சலை ஒன்றாய்க் கொள்ளுமாறு ஓர் அரும்பெரும் விதியை வடித்துச் சாதகத்தோடு சேர்த்தான். ஒரு தரம் அமத்தினான். ஒரு கட்டம் நகர்ந்தது. மறுபடி அமத்தினான், மறுபடி ஒன்றே. வியாழன் பின்னேரம் கொட்டகை வாசலில் நின்று, கேட்க ஆளில்லாத பிலாமரத்தை நோக்கி வெற்றி முழங்கினான்.

விடிந்தது வெள்ளி. தம்புள்ளைச் சந்தைக்குப் போகும் லொறிகள் உறுமி நின்றன. குலை சுமந்தோர் வரிசை வீதிவரை நீண்டது. பழைய இரும்புக்காரனும் வந்து, தன் தள்ளுவண்டியோடு வாசலில் பொறுமையாய் நின்றான். தலைவர் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். குணலட்சுமி அம்மாள் திருநீறு பூசி, கதிரையில் அமர்ந்து, கண்ணைத் தராசில் நட்டார். திரையில் சனத்தின் பெயர் வரிசையாய் நின்றது. பெயருக்கு இரண்டு கட்டம்: முதலாவது நிறை, அடுத்தது குறை. குறை என்றால் அடிபட்ட பழம், வெம்பிய சீப்பு. முதற்குலை ஏறியது. விரல்கள் பறந்தன. குலைகள் பறந்தன. பச்சைக்காரி ஒரு முறையும் இருமவில்லை. குகதாசன் கைகட்டி நின்று, சிலை வைக்க எந்தச் சந்தி நல்லது என்று யோசிக்கத் தொடங்கியிருப்பான்.

அப்போது எழுந்தது பராசக்தியின் குரல். அயற்தோட்டத்துப் பராசக்தி கதலிக்கும் வாய்க்கும் பேர்போனவர். திரையைச் சனம் பார்க்கத் திருப்பி வைக்கும் வழக்கத்தைச் சண்டை பிடித்து ஏற்படுத்தியவரும் அவரே.

"குணலட்சுமியக்கா! என்ரை குலை பதினெட்டுக் கிலோ. அதிலை இருபத்தொரு கிலோ பழுதெண்டு கிடக்கு! அப்ப மிச்சம் மூண்டு கிலோவை நான் வீட்டை போய்க் கொண்டுவந்து தாறதோ?"

கடல் பொங்கியதென்பேனோ! வரிசை குலைந்து வளைந்து திரைமுன் திரண்டது. பின்னால் நின்றவரின் நிறையெல்லாம் முன்னால் நின்றவரின் குறையாய் ஏறியிருந்தது. "ஐயோ, என்ரை இதரை!" "விசர்ப் பெட்டி!" "உவன் படிச்சவனெண்டாங்கள்!" என்று சொல்லம்புகள் பறந்தன. பரமலிங்கம் கைப்பேசியை உயர்த்தி, "நான் அப்பவே சொன்னனான்!" என்றபடி சிக்னல் தேடி லொறியின் பின்தட்டில் ஏறினார். இரும்புக்காரன் தள்ளுவண்டியை ஒரு முழம் உள்ளே உருட்டினான். குணலட்சுமி அம்மாளின் முகம் வெளிறி, விரல் பத்தும் பலகைமேல் அப்படியே நின்றன.

"மாமி, ஒருக்கா அமத்தினால் ஒரு கட்டம்தானே போகவேணும்?" என்றான் குகதாசன்.

"ஒரு கட்டமோ? அது எந்த நாளும் ரெண்டு கட்டம் பாயிறதெல்லே! நிறையை எழுதி ஒருக்கா அமத்தினால், குறையையும் தாண்டி மற்ற ஆளிட்டைப் போகும். என்ரை கை அப்பிடித்தான் பழகினது."

"அப்ப குறை இருந்தால்?"

"மேல் அம்புக்குறியை அமத்தித் திரும்பி வருவன். நீர்வேலிக் குலையிலை எங்கை தம்பி குறை? அதைத்தான் கிழமை முழுக்கச் சொல்ல வந்தனான். ரெக்னிக்கல், ரெக்னிக்கல் எண்டு கலைச்சுப்போட்டியள்."

விசைப்பலகையைத் தூக்கிக் கவிழ்த்துத் தட்டினான் குகதாசன். பெருவிசையின் அடியிலிருந்து உதிர்ந்தன: காய்ந்த சந்தனப் பொருக்கு, குங்குமம், ஒரு செவ்வந்தி இதழ், இரண்டு அறுகம்புல். மிச்சச் சந்தனம் விசையடியில் கல்லாய் இறுகிக் கிடந்து, ஓர் அமத்தலை இரண்டாய்த் துள்ளவைத்துக்கொண்டிருந்தது.

"இதென்ன மாமி?"

"சரஸ்வதி பூசைச் சந்தனம். வருசாவருசம் அந்தப் பட்டனிலைதான் பொட்டு வைக்கிறனான். வேலை முழுக்க அதுதானே செய்யிறது." சற்று நிறுத்தி, தானும் யோசித்தார். "அப்ப உது சந்தனம் செய்த வேலையோ? நான் இவ்வளவு நாளும் சரஸ்வதி அம்மாள் தாற வேகமெண்டெல்லோ நினைச்சனான்."

"கழுவுங்கோ உதை!" என்று லொறிமேலிருந்து ஆணையிட்டார் தலைவர்.

"எதை, சரஸ்வதி சந்தனத்தையோ?" என்று திரும்பினார் பராசக்தி. "இறங்கி வந்து நீர் கழுவும் பாப்பம்!" தலைவர் இறங்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன் பச்சைக்காரியை விசர் என்ற வாயெல்லாம் இப்போது அவள் பக்கம்.

சொல்ல என் நெஞ்சு இளகுகிறது. நோர்வே முனிவரும் அறியாத நோய்க்கு, ஞாலத்தில் முதன்முதலாய்க் காணப்பட்ட மருந்து. தாடி வளர்த்து, வேலைக்குக் குந்தகம் செய்து, கும்பனியின் சாபம் ஏற்று ஈன்ற தலைச்சன் விதி! அதன்மேல் குகதாசன் விரலை வைத்தான். கலையறியா வாழைக்குலைகள் ஆயிரம் மௌனமாய்ப் பார்த்திருக்க, அண்டங்கள் ஒருகணம் அசைவற்று நிற்க, அந்த ஒற்றை வரியை அழித்தான். பெருவிசையைத் தானே ஒரு தரம் அமத்தினான். இரண்டு கட்டம் பாய்ந்தது, மான் குட்டிபோல.

பிழையாய் ஏறியவற்றைத் திருத்தினார்கள். பராசக்தியின் குறைக் கட்டம் வெறுமையாயிற்று. பரமலிங்கம் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்து, இரும்புக்காரனிடம், "இண்டைக்கு ஒண்டுமில்லை, போயிட்டு வா" என்றார்.

குணலட்சுமி மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.