யாரும் விட்டுப்போகாத விழா

“கொட்டுச் சத்தம் கேட்டா என் குழந்தை அலறுது. அப்ப எங்களுக்கு விழா கிடையாதா?”

தொலைபேசியில் ஒரு தாய் கேட்டபோது விழா அக்கா பாதிக் கனவில் இருந்தார். ஜன்னல் வழியே வந்த காற்று அப்படி.

நகராட்சியின் சாக்கடைப் பிரிவில் மூக்கைப் பொத்திக்கொண்டே காலம் தள்ளியவர் அவர். ஊரில் இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்து கொண்டாட ஒரு விழா வேண்டும் என்று மேயருக்கு ஆசை வர, அந்தப் பொறுப்போடு அக்காவுக்கு மாடியறையும் ‘விழா அக்கா’ என்ற பெயரும் கிடைத்தன. நிபந்தனை ஒன்றுதான். “ஒருத்தர் விட்டுப்போனாலும் மறுபடி கீழேதாம்மா.”

அந்த மாடிக் காற்றை விட்டுக்கொடுக்க அக்காவுக்கு மனசில்லை.

“கொட்டே வேண்டாம்மா, எடுத்துடறேன்,” என்றார் தாராளமாக.

அடுத்து ஒருவர், வண்ண விளக்கு மின்னினால் தலை சுற்றும் என்றார். விளக்கும் போயிற்று. இருட்டில் எப்படி ஆடுவது என்று நடனக்காரர்கள் கேட்டார்கள். ஆட்டமும் போயிற்று. சாப்பாட்டில் ஒருவருக்கு ஆவது இன்னொருவருக்கு ஆகவில்லை. தண்ணீர் மட்டும் மிஞ்சியது.

கடைசியில் சக்கர நாற்காலிக்காரர் வந்தார். “மேடைக்குப் படி வெச்சா நான் எப்படிங்க ஏறுறது?”

“சரிவாப் பலகை போட்டுடலாமே, அரை நாள் வேலை,” என்றார் மேடை போட வந்த தச்சர்.

“அதுக்கு யாருய்யா அனுமதி வாங்கறது? மேடையையே பிரிச்சிடுங்க!”

பிரச்சினை தீர்ந்தது என்று அக்கா நிம்மதியாகக் கண்ணை மூடினார். நல்ல மனுஷிதான், யாரையும் நோகடிக்கத் தெரியாது. சேர்ப்பது என்றால் மட்டும் அவருக்குக் கை வராது.

விழா மாலை. யார் வரப்போகிறார்கள் என்ற பயத்தில் மேயரோடு மைதானத்துக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மெல்லிய பனி. அதற்குள், புல் தெரியாத அளவுக்கு ஜனங்கள். கொட்டுக்காரர்கள், சமையல்காரர்கள், நடனக்காரர்கள், நடுவில் சக்கர நாற்காலிக்காரர், அவர் மடியில் யாருடைய குழந்தையோ தூங்கிக்கொண்டிருந்தது. ஒருவரும் பேசவில்லை. தோளோடு தோள் உரச, நிலா வெளிச்சத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் இருந்தது அக்காவுக்கு. இவ்வளவு அழகை அவர் நேரில் பார்த்ததில்லை.

மேயர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். “என்னம்மா மாயம் பண்ணீங்க? இந்த ஊர் ஒண்ணா உக்காந்து நான் பார்த்ததே இல்லையே!”

“எல்லாம் உங்க ஆசீர்வாதம் சார்,” என்றார் அக்கா. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

மைதானத்து வாட்ச்மேன் பதறிப்போய் ஓடிவந்து அவர் காதோரம் குனிந்தார்.

“மேடம், விழாவுக்கு ஒருத்தரும் வரல. இவங்கல்லாம் உங்களைப் பழையபடி சாக்கடைப் பிரிவுக்கே அனுப்பச் சொல்லி மௌனப் போராட்டம் பண்றாங்க.”